காட்டுச் சூரியகாந்தியும் காணாமல் போன மொட்டுகளும்

“மாதாவுக்குத் திருட்டுப் பூ வைக்கிறீங்களே, அது உங்களுக்கே நல்லாருக்கா அக்கா?”

காலை ஆறரை மணி. காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம், தலையில்லாத ஒரு சூரியகாந்திக் காம்பைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் நான் கேட்ட கேள்வி இது.

அக்கா அந்தப் பக்கம் வாளியும் துடைப்பமுமாக நின்றார். எங்கள் தெருமுனையில் ஒரு மாதா கெபி, குகை மாதிரிக் கட்டிய சின்னக் கோயில், இருக்கிறது. அதைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவது பல வருடங்களாக அக்காவின் வேலை. எங்கள் வீட்டுச் செம்பருத்தியையும் நந்தியாவட்டையையும் அக்கா கேட்டும் பறிப்பார், கேட்காமலும் பறிப்பார். நான் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் இது வேறு விஷயம்.

அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டார்.

“ஏ சரோசா, உனக்குப் புத்தி பெரண்டு போச்சா? பூவக் காணோம்னு கேட்டாலும் ஒரு ஞாயம் இருக்கு. மொட்டக் காணோம்ங்குற. பச்ச மொட்ட வாங்கி மாதாவுக்கு நான் என்ன, பொரியலா பண்ணிப் போடப் போறேன்?”

நியாயமான கேள்விதான். ஆனாலும் ஆரம்பித்த சண்டையைப் பாதியில் விட எனக்கு மனசு வராது.

“அப்ப யாருதான் பறிக்கிறா?”

“எனக்கென்ன தெரியும்? ஒன் செடியக் காவக் காக்குறதுக்கா நான் இங்க குடியிருக்கேன்?”

வாளித் தண்ணீரைத் தெருவில் சளாரென்று ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். அதன்பிறகு பத்து நாள் எங்களுக்குள் பேச்சில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் கோர்ட்டில் தட்டச்சராக இருந்தவள் நான். யார் வரப்பை யார் வெட்டினார், யார் ஆட்டை யார் பிடித்துக் கட்டினார் என்று சாட்சிகள் சொல்லச் சொல்ல அடித்துத் தள்ளியவள். எவ்வளவு சிக்கலான வழக்கானாலும் கடைசியில் ஒரு தீர்ப்பு வரும். அதையும் நான்தான் அடிப்பேன். அந்தப் பழக்கமோ என்னவோ, வீட்டில் ஒரு விஷயம் விளங்காமல் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. அந்த ஐப்பசி மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி, “எப்போது பார்த்தாலும் கோர்ட்டுக் கதைதானா, வீட்டுக் கதை எழுத மாட்டீர்களா?” என்று கேட்டிருந்தார். எழுதுகிறேன். ஆனால் இதில் வாதி யார், பிரதிவாதி யார் என்று மட்டும் என்னைக் கேட்டுவிடாதீர்கள். எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

விதை வந்த கவர்

அதற்குச் சில மாதம் முன்னால், ஆனி கடைசியில், ஒரு பழுப்புக் கவர் கூரியரில் வந்தது. மேலே என் வீட்டுக்காரர் சுப்பையாவின் பெயர். கையெழுத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஒரே மகள் கவிதாவின் எழுத்து.

கவிதா உடுமலைப்பேட்டையில் இருக்கிறாள். அவளும் அவள் அப்பாவும் பேசி அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது.

அந்தக் கதையை நீட்டினால் எனக்கே வயிற்றெரிச்சல், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவர் தன் சிநேகிதரின் மகனுக்கு அவளைப் பேசி முடித்தார். அவளோ கூட வேலை பார்க்கும் பிரபுவைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். அதை முதலில் என்னிடம்தான் சொன்னாள். “சமயம் பாத்து அப்பாகிட்டச் சொல்றேன்டி” என்று சொல்லிவிட்டு, சமயமே பார்க்காமல் இருந்துவிட்டேன். தட்டு மாற்றிய பத்தாம் நாள் அவள் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள்.

வாக்குக் கொடுத்த வீட்டில் போய் இவர் தலைகுனிந்து நின்றார். அந்தச் சிநேகிதர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவர் உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பினார். இவரால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றோடு மகளிடம் பேச்சை நிறுத்தினார். திட்டவில்லை, கத்தவில்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்துவிட்டார். நான் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அவளோடு போனில் பேசுவது அவருக்குத் தெரியும். பேசி முடித்து வெளியே வந்தால், “காபி இருக்கா?” என்பார். அவ்வளவுதான்.

நான் அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் விஷயம் இந்த அளவுக்குப் போயிருக்காது. ஊரான் வழக்கையெல்லாம் அடித்த கை, சொந்த வீட்டு வழக்கில் ஒரு வரி அடிக்கவில்லை. இதை நினைத்து நான் குமையாத நாள் இல்லை.

சரி, கவருக்கு வருகிறேன். உள்ளே மடித்த காகிதத்தில் ஒரு கைப்பிடி விதை. கடையில் கிடைக்கும் சூரியகாந்தி விதையில் பாதிகூட இல்லை, கருப்பாக, சாம்பல் புள்ளிகளோடு இருந்தது. காகிதத்தின் மேல் “காட்டுச் சூரியகாந்தி” என்று மட்டும் எழுதியிருந்தாள். வேறு ஒரு வார்த்தை இல்லை.

இவர் கவரைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. திரும்பவும் தட்டினார். பிறகு விதையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கவரை அலமாரியில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

நான் அடுப்படிக்கு ஓடினேன்.

“என்னடி அனுப்பியிருக்க?”

“சும்மாதாம்மா. இங்க வேலியோரம் நெறையப் பூத்துச்சு. அப்பாவுக்கு அனுப்பணும்னு தோணுச்சு. என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல.”

“தூக்கிப் போட்டுட்டாரா?”

“இல்லடி. சட்டப் பையில வச்சிருக்காரு.”

“சரிம்மா, வச்சிடுறேன்” என்று வைத்துவிட்டாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கு ஒரே குழப்பம். இது சமாதானத்துக்கு அனுப்பியதா, சும்மா அனுப்பியதா? இவர் வாங்கி வைத்தது கோபம் தணிந்தா, விதையை வீணாக்கக் கூடாது என்றா?

காட்டுக்கு யார் புண்ணாக்கு வைத்தது?

ஆடி பிறந்ததும் விதைத்தார். கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்கு அப்பால் கொஞ்சம் மண் இருக்கிறது. அதைக் கொத்தி, கட்டி உடைத்து, பாத்தி பிடித்தார். முட்டிவலி என்று மாடிப்படி ஏறாத மனுசன் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு விதையாக ஊன்றினார்.

செடி வளர்ப்பது அவருக்குப் புதிதில்லை. சொந்த ஊர் சித்தையன்கோட்டைப் பக்கம். குடும்பமே மல்லிகைத் தோட்டத்தில் பிழைத்தது. பிறகு திண்டுக்கல்லுக்கு வந்து ஒரு பூ மண்டியில் சேர்ந்து, வெளியூருக்குப் போகும் பூவைப் பார்சல் போடுவதிலேயே முப்பது வருடம் ஓட்டினார். மல்லிகையைப் பற்றி அவரிடம் யாரும் வாயைக் கொடுக்க முடியாது. ஆக, மல்லிகைக்குச் செய்ததையெல்லாம் இதற்கும் செய்தார்.

ஆட்டு எரு வேண்டுமென்று தெரிந்த ஆளோடு அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போய், ஒரு சாக்குப் புழுக்கையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். கூட உட்கார்ந்து வந்தவர்கள் பாவம். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினார். வீடே நாறியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். குழாயில் ஆத்தூர் அணைத் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தோடு காத்துக் கிடக்கிற ஊரில், அந்தத் தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுபோய் அதன் காலில் ஊற்றினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கவிதாவிடம் கேட்டேன். “ஐயோ அம்மா, எருவெல்லாம் வேணாம். தண்ணியும் மண்ணு காஞ்சா ஊத்துனாப் போதும். ஊட்டம் குடுத்தா எலயாத்தான் வரும், பூக்க நாளாகும். அது பாட்டுக்கு விட்டுடச் சொல்லு” என்றாள்.

அவள் சொன்னாள் என்று சொல்ல முடியாதே. “யூடியூப்புல பாத்தேங்க, இதுக்கு எரு ஆகாதாம்” என்றேன்.

“யூடியூப்பு எங்க வெள்ளாம பண்ணுச்சாம்?” என்றார்.

அவள் சொன்னதுதான் நடந்தது. செடி ஆள் உயரத்தைத் தாண்டிப் போனது. இலை ஒவ்வொன்றும் முறம் அகலம். தொட்டால் சொரசொரவென்று கையெல்லாம் அரிக்கும். பூ மட்டும் இல்லை. காற்று ஒருநாள் மலைக்கோட்டைப் பக்கமிருந்து வந்து எல்லாவற்றையும் படுக்கப் போட்டுவிட்டது. இவர் சவுக்குக் கம்பு ஊன்றி, வாழைநாரால் ஒவ்வொரு செடியாக எடுத்துக் கட்டினார்.

“பேருலயே காடு இருக்குங்க. காட்டுல போயி யாரு புண்ணாக்கு வச்சது, யாரு கம்பு ஊனுனது?” என்று கேட்டேன்.

“நம்ம வீட்டுக்கு வந்துருச்சுல்ல” என்றார்.

கவிதா வாரம் தவறாமல் கேட்பாள்: “பூத்துச்சாம்மா?” இல்லை என்பேன். “அப்பா அதப் பாக்குறாரா?” நாள் முழுக்க அங்கேதான் இருக்கிறார் என்பேன். சிரிப்பாள். எத்தனையோ நாளுக்கப்புறம் அவள் மனசு விட்டுச் சிரித்தது அப்போதுதான். இந்தப் பூ பூத்தால் இரண்டு பேரும் எப்படியும் பேசிவிடுவார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. எதை வைத்து நம்பினேன் என்று கேட்டால் தெரியாது. நம்பினேன். பிள்ளையாருக்குத் தேங்காய்கூட வேண்டிக்கொண்டேன்.

பூக்கக் கூடாத பூ

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்லியாக வேண்டும்.

கல்யாணமான புதிதில், சித்தையன்கோட்டை வீட்டில், ஒரு காலையில் தோட்டத்துப் பக்கம் போனேன். ஒரு செடியில் நாலைந்து மல்லிகை விரிந்து கிடந்தது. டவுனில் வளர்ந்தவள் நான், மல்லிகையைச் சரமாகத்தான் பார்த்திருக்கிறேன். “அய், பூத்திருக்கு!” என்று கையைத் தட்டினேன். என் மாமியார் ஓடிவந்தார், ஏதோ பாம்பைப் பார்த்த மாதிரி. “யாரு இந்த வரிசையில பறிச்சது? கண்ணு எங்க போச்சு?” என்று ஆளைத் தேடிப் பிடித்துத் திட்டினார்.

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. மல்லிகைக்காரர்கள் வீட்டில் பூ செடியில் விரியக் கூடாது. விரிந்தால் அது குப்பை. விடியும் முன்னே மொட்டாகப் பறித்து, மண்டிக்குப் போய், பார்சலாகி, பஸ் ஏறி, எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒருத்தி தலையில் சாயங்காலம்தான் அது விரிய வேண்டும்.

எந்த மொட்டு இன்று விரியும், எது நாளைக்கு என்பதை நிறத்தை வைத்துச் சொல்வார்கள். பச்சை போய் வெள்ளை தட்டிவிட்டால் அது இன்றைக்கு. இவர் அதில் கெட்டிக்காரர். ஈரத்துணியில் சுற்றி, வாழை இலையில் மடித்து இவர் கட்டிய பூ, சென்னைக்குப் போய்ச் சேர்ந்தும் மொட்டாகவே இருக்குமாம், பொட்டலத்தைப் பிரித்துச் செத்த நேரத்தில் விரியுமாம். அதிகம் பேசாத மனுசன், இதை மட்டும் யார் வந்தாலும் சொல்லிக் காட்டுவார்.

இப்படி ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், மொட்டு காணாமல் போனதும் முதலில் எங்கே பார்த்திருக்க வேண்டும்? நான் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

எடுக்காத போன்

புரட்டாசி கடைசியில் உச்சியில் ஒரு பூ தெரிந்தது. உள்ளங்கை அகலம்தான். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். கவிதாவுக்குச் சொல்ல வேண்டும், படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சமையலில் இருந்துவிட்டேன். மறுநாள் காலை போனோடு போய்ப் பார்த்தால் பூ இல்லை. காம்பு மட்டும் நின்றது.

அதற்குப் பிறகு கிளைக்குக் கிளை மொட்டு வைத்தது. சுற்றிலும் பச்சை மடல் மூடிக்கொண்டு, முடிச்சு முடிச்சாக. சாயங்காலம் எண்ணிவிட்டுப் போனால் காலையில் அதில் நாலைந்து இருக்காது. மறுநாள் வேறு நாலைந்து. பறிக்கப் பறிக்கப் பக்கத்தில் புதிதாகத் துளிர்க்கும். அதுவும் ஒருநாள் இருக்காது.

“அணிலா இருக்குமோ?” என்று இவரிடம் கேட்டேன்.

“இருக்கும்” என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

கிளி என்றேன். அதற்கும் “இருக்கும்” என்றார். கிளி இதழை விட்டுவிட்டு விதையைத்தான் தின்னும், மொட்டைக் காம்போடு நறுக்கென்று கிள்ளாது என்று எனக்குள் ஒரு யோசனை. அந்த யோசனையில்தான் ஸ்டெல்லா அக்காவிடம் போய் மாட்டினேன்.

இதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. கவிதா என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

முதலில் வேலையாக இருப்பாள் என்று நினைத்தேன். அப்புறம் உடம்புக்கு என்னமோ என்று நினைத்தேன். மூன்று நாள், நாலு நாள். அடித்து ஓய்கிறது. ஒரு வாரமாகியும் எடுக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் என்ன சொன்னேன், என்ன செய்தேன்? இங்கே மொட்டைக் காணோம், அங்கே மகள் பேசவில்லை, பக்கத்து வீட்டில் முகம் கொடுக்கவில்லை, இவரோ தினமும் காலையில் மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு நடக்கப் போகிறேன் என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விடுகிறார். ஆறு வருடமாக மகளை ஒரு போனில் பிடித்து வைத்திருந்தேன். அந்தப் போனும் போய்விட்டதென்றால் நான் என்ன செய்வேன்? அடுப்படியில் நின்று அழுதேன். இவர் வந்து, “காபி இருக்கா?” என்றார். டம்ளரை நங்கென்று வைத்தேன்.

“அத்தை, ஒண்ணு கேக்கலாமுங்களா?”

ஒரு சனிக்கிழமை காலை பிரபு கூப்பிட்டார். அவர் என்னோடு பேசுவது தீபாவளி, பொங்கலுக்குத்தான்.

“ஏனுங்க அத்தை, ஒண்ணு கேக்கலாமுங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க.”

“சொல்லுங்க தம்பி. கவிதா நல்லாருக்காளா?”

“நல்லாத்தானுங்க இருக்கா. மாமாதான் என்னமோ பஸ்ஸுல குடுத்து உட்டுட்டே இருக்காருங்க. இன்னைக்கும் ஒண்ணு வருதுன்னு டிரைவர் இப்பத்தான் சொன்னாருங்க, அதோட பன்னெண்டு ஆச்சுங்க. தெனமும் டிரைவர் இவ நம்பருக்குப் போன் பண்றாரு, நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயி வாங்கியாறனுங்க. பிரிச்சுப் பாத்தா வாழை எலைக்குள்ள, ஈரத்துணியில சுத்தி, அத்தனையும் பச்சை மொட்டுங்க. ஒரு சீட்டுக்கூட இல்லீங்க.”

நான் ஜன்னல் வழியாகக் கொல்லைச் செடியைப் பார்த்தேன்.

“இவ மொத நாளு சிரிச்சா. மறுக்காவும் வந்ததும் பேசாம இருந்தா. மூணாவதுக்கு அழுக ஆரம்பிச்சுட்டாளுங்க. ‘நான் வெதை அனுப்புனேன், எங்கப்பா அதப் பூக்க உடாமக் கிள்ளிக் கிள்ளி எனக்கே திருப்பி அனுப்பறாரு. நீ நல்லாவே இருக்காதன்னு சொல்றாரு’ங்கறா. அம்மாவும் கூட இருந்து பாத்துட்டுத்தான இருக்காங்கன்னு உங்க போனையும் எடுக்க மாட்டேங்கறா. எனக்கு ஒண்ணுமே புரியலீங்க அத்தை. மாமா என்னத்துக்குங்க அனுப்பறாரு?”

அதே கேள்விதான் எனக்கும். “நான் கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி” என்று வைத்தேன். கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது எனக்கு.

ஈரத்துணி

இவர் அப்போதுதான் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்து கொல்லைக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். மஞ்சப்பை தோளில் தொங்கியது.

“நீங்கள்லாம் ஒரு மனுசனா?” என்று ஆரம்பித்தேன். “பெத்த புள்ளைக்குச் சாபத்தப் பார்சல் போட்டு அனுப்புவீங்களா? வெதைய வாங்கி, எரு வச்சு, தண்ணி ஊத்தி, தூக்கிக் கட்டி வளத்தது எல்லாம் இதுக்குத்தானா? புடிக்கலேன்னா அன்னைக்கே குப்பையில போட்டிருக்க வேண்டியதுதான? ஆறு வருசம் பேசாம இருந்தது பத்தலையா உங்களுக்கு? அவ என்ன கொலையா பண்ணிட்டா? எங்கிட்டச் சொன்னா, நான் உங்ககிட்டச் சொல்லல. கோவப்படணும்னா என் மேல படுங்க. அவள விட்டுருங்க!”

ஆறு வருடமாகச் சொல்லாதது அந்தக் குழாயடியில் வெளியே வந்துவிட்டது. ஸ்டெல்லா அக்கா வீட்டு ஜன்னல் திறந்த சத்தம் கேட்டது. கேட்டால் கேட்கட்டும் என்று கத்தினேன்.

இவர் குழாயை மூடக்கூட இல்லை. என்னையே பார்த்தார்.

“என்ன சாபம்?”

“மொட்டக் கிள்ளி அனுப்புனா சாபமில்லாம என்ன?”

“பின்ன? விரிஞ்சப்புறம் எப்படி அனுப்புறது?” என்றார். “மொத பூவ விரிஞ்சதத்தான் பறிச்சுட்டுப் போனேன். பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள தொங்கிப் போச்சு. அதான் மொட்டா அனுப்புனேன். காலையில போனா சாயங்காலம் அவ வீட்டுல விரிஞ்சிருக்கும்ல?”

“இது மல்லியாங்க?”

“தாமர மொட்டாப் போகல? ரோசாப்பூ போகல?” கொஞ்சம் தயங்கினார். “ஆனா இதுல ஒண்ணு பிடிபட மாட்டேங்குது. மல்லின்னா வெள்ள தட்டும். இது கடைசி வரைக்கும் பச்சையாவே இருக்கு. எது இன்னைக்கு விரியும், எது நாளைக்குன்னு தெரியல. மொத நாளு சின்னதா அனுப்புனேன். விரிஞ்சிருந்தா நம்ம பாப்பா போன் போடும்ல? போடல. சரி, அளவு தப்புப் போலன்னு மறுநாள் கொஞ்சம் பெருசாப் பறிச்சேன். அதுக்கும் போடல. இன்னைக்கு இருக்குறதுலயே பெருசா அனுப்பியிருக்கேன்.”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் போய்க் குழாயை மூடிவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஒரு மொட்டைச் செடியிலேயே விட்டுவைத்து நாலு நாள் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மல்லிகைக்காரருக்கு மொட்டை விட்டுவைக்கக் கை வராது. இந்தச் செடியில் மொட்டு மெதுவாக, நாள் கணக்கில் திறக்கும். அது அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதோடு சிரிப்பும் வந்தது. தினமும் காலையில் ஒரு பார்சல் போட்டுவிட்டு, இந்த மனுசன் தினமும் போனுக்குக் காத்திருந்திருக்கிறார்.

“ஒரு சீட்டு எழுதி வச்சா என்ன?”

“பூவுக்கு எதுக்குச் சீட்டு? பூவப் பாத்தாத் தெரியாதா?”

“பூவா அனுப்புனீங்க?”

மஞ்சப்பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, “பாப்பா சாபம்னா நெனச்சுச்சு?” என்றார். “ஆமாங்க” என்றேன். “நான் குடுப்பேன்னா நெனச்சுச்சு?” என்றார். இரண்டு தரம் கேட்டார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“போன் போடுங்க.”

“என்னத்தச் சொல்ல?”

“இப்ப எங்கிட்டச் சொன்னதச் சொல்லுங்க.”

விதைக் கவரில் அனுப்பியவர் முகவரியோடு இருந்த கவிதாவின் நம்பர் அவருக்கு மனப்பாடம். பட்டன் போனில் ஒவ்வொரு எண்ணாக அமுக்கினார். காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்றே நினைத்தேன். எடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

“பாப்பா... அப்பாதான்.”

“தெரியுதுப்பா.”

“அந்த மொட்டு. ஒண்ணுகூட விரியலையா?”

“இல்லப்பா.”

“எனக்கு இந்தப் பூவத் தெரியல பாப்பா. மல்லின்னா கண்ணக் கட்டிக்கிட்டுப் பறிப்பேன். இது எனக்கு வெளங்கல. விரியும்னுதான் அனுப்புனேன். நான் பறிச்சது தப்பு. அம்புட்டும் தப்பு. நீ வந்து பாத்துச் சொல்லு.”

போன் கட்டாகிவிட்டது.

இவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வச்சிருச்சு” என்றார். கோபத்தில் வைத்தாளா, அழுகையில் வைத்தாளா, டவர் இல்லையா, எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நான் கல்லில் உட்கார்ந்திருக்கிறேன், அவர் ஈரக் காலோடு நிற்கிறார். இன்னொரு தரம் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கக்கூட எங்களுக்குத் தெம்பில்லை.

கால் மணி நேரம் இருக்கும். என் போன் அடித்தது. பிரபு.

“ஏனுங்க அத்தை, மாமா என்னங்க சொன்னாரு? இவ அழுதுட்டே துணியெடுத்துப் பையில வைக்கறா. கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறா. திண்டுக்கல்லுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்குன்னு மட்டும் கேக்கறாளுங்க. எனக்கு ஒண்ணுமே புரியலீங்க.”

ஸ்பீக்கரைப் போட்டு இவர் கையில் கொடுத்தேன். வாங்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பன்னெண்டு மணிக்கு ஒரு வண்டி இருக்கு, டிரைவர் நமக்குத் தெரிஞ்ச ஆளு, முன்னாடி சீட்டுப் போடச் சொல்றேன்” என்றார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, “பாப்பாவத் தனியா அனுப்பாதீங்க மாப்ள. நீங்களும் கூட வாங்க” என்றார்.